ஏற்றும் பம்பும் சுற்றும் பம்பும்

தமிழர்க்குப் பம்பு என்னும் பெயர்தான் புதிது. அதன் தொழில் பழையது. ஏற்றத்தின்மேல் ஏறி மிதித்தும், கவலையில் மாடு பூட்டியும், இருவர் எதிரெதிர் நின்று இறைகூடை வீசியும் நம் முன்னோர் பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொணர்ந்தனர். இம்மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. கீழிருந்த நீர் மேலே வருகிறது, வந்த நீர் பயிருக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. இவ்வழக்கில் ஊறிய மனம், பம்பு என்ற பேச்சு எழுந்ததும் 'எவ்வளவு உயரம்?' என்றே முதலிற் கேட்கிறது.

பேராக்கில் வாழ்ந்த தமிழர்க்கு அப்படிக் கேட்க மேலும் காரணங்கள் இருந்தன. ஆற்றோரத்தில் ஒரு பம்புக் கொட்டகை, மேட்டில் ஒரு தொட்டி, அங்கிருந்து லயங்களுக்கு இறங்கும் குழாய் என்பது ரப்பர் தோட்டங்களில் பலரும் கண்ட அமைப்பு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களோ பம்புகளாலேயே வாழ்ந்தவை. பீய்ச்சியடிக்கும் நீர் மண்மேட்டைக் கரைக்கும். கரைந்த சேறும் சரளையும் குழியில் வந்து சேரும். அந்தக் கலவையைச் சரளைப் பம்பு உயரத்திலுள்ள பாலோங் என்னும் நீண்ட மரச்சாய்வுக்குத் தூக்கிவிடும். சாய்வில் ஓடும்போது கனமான ஈயத்தாது குறுக்குக் கட்டைகளின் பின்னே தங்கிவிடும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் இச்சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கம்பாரில் உள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில் அந்த அமைப்பை மாணவர்களுக்கு இன்றும் காட்டலாம்.

இவையெல்லாம் ஏற்றும் பம்புகள். இவற்றுக்கு உயரமே முதற்கணக்கு. ஆனால் உலகில் நாள்தோறும் ஓடும் பம்புகளிற் பெருந்தொகையானவை எதையும் ஏற்றுவதில்லை. குளிர்நாடுகளில் வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் வெந்நீர்க் குழாய்களிலும், ஈப்போவின் பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்களிலும் உள்ள பம்புகள் ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுபவை. இவற்றை ஏற்றும் பம்புகளின் கணக்கால் அளந்து வாங்குவோர் பணத்தையும் மின்சாரத்தையும் வீணாக்குகின்றனர். அதற்குப் பின்னும் அறை சூடாவதில்லை. இலண்டனுக்குப் படிக்கவோ பிழைக்கவோ சென்ற பிள்ளைகள் 'மேல்மாடி அறை குளிர்கிறது. பெரிய பம்பு வைக்க வேண்டுமாம்' என்று ஈப்போவில் இருக்கும் பெற்றோருக்கு எழுதினால், பெற்றோரும் அதனைச் சரியென்றே கொள்வர். மேல்மாடி என்றால் உயரம், உயரம் என்றால் பெரிய பம்பு என்று நம் அறிவு சொல்கிறது. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இங்கே நோக்குவோம்.

முதலில் நமக்குப் பழக்கமானதை எடுத்துக்கொள்வோம். ஈப்போவில் ஒரு தாமானிலுள்ள இரட்டை மாடி வீடு. தரையில் ஒரு தொட்டி. கூரையின்கீழ் மற்றொரு தொட்டி. தெருக் குழாயிலிருந்து பம்பு நேரே நீரை உறிஞ்சுதல் கூடாது. அது அண்டை வீட்டார் நீரை இழுப்பதோடு, குழாயில் வெடிப்பிருந்தால் வெளி அழுக்கையும் உள்ளே இழுக்கும். ஆகவே நீர் தானே வந்து கீழ்த்தொட்டியில் நிறையவேண்டும். அதிலிருந்தே பம்பு எடுக்கவேண்டும். இரு தொட்டிகளுக்கும் இடையே 8 மீட்டர் உயரம் என்க. 500 லிட்டர்த் தொட்டி 25 நிமிடத்தில் நிறைந்தாற் போதும் எனின் நிமிடத்துக்கு 20 லிட்டர் வேண்டும். குழாயின் உராய்வுக்காக 2 மீட்டர் கூட்டினால், பம்பு கடக்கவேண்டிய மொத்த உயரம் 10 மீட்டர். விநாடிக்கு 1 லிட்டர் நீரை 1 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 9.8 வாட் ஆற்றல் செலவாகும். நிமிடத்துக்கு 20 லிட்டர் என்பது விநாடிக்கு 3-இல் 1 லிட்டர். ஆக, நீர் பெறும் ஆற்றல் 33 வாட். சிறு பம்புகள் தாம் உண்ணும் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கையே நீருக்குத் தருவன என்று வைத்தாலும் 100 வாட் அளவில் முடிந்துவிடும். கடையில் அரைக் குதிரைத்திறன், அஃதாவது 373 வாட், பம்பைக் கொடுத்தால் அது கெட்டுப் போகாது; தொட்டி விரைவில் நிறையும்; நின்றுவிடும். ஏற்றும் பம்பு சற்றுப் பெரிதாக இருப்பதால் வரும் இழப்புச் சிறிது. மக்கள் மனத்தில் 'பெரிதாகவே இருக்கட்டும்' என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்கணக்கில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். 8 மீட்டர் என்பது உண்மையான உயரம். நீர் மெல்லச் சென்றாலும் விரைந்து சென்றாலும் அது மாறாது. 2 மீட்டர் என்பது உராய்வு. அது உயரமே அன்று, உயரத்தின் அளவுகோலால் அளக்கப்படும் தடை. நீர் குழாயின் சுவரைத் தேய்த்துக்கொண்டும், முழங்கைகளில் முட்டித் திரும்பியும், வால்வுகளில் நெருக்குண்டும் செல்வதால் வருவது. ஓட்டம் இரு மடங்கானால் உராய்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும். குழாயின் விட்டமோ இன்னும் கொடியது. அதே அளவு நீரை அனுப்பும்போது விட்டம் பாதியானால் உராய்வு 32 மடங்காகும். ஓர் அங்குலக் குழாய்க்குப் பதில் முக்கால் அங்குலக் குழாய் போட்டாலே நான்கு மடங்குக்கு மேல். குழாயில் சில வெள்ளி மிச்சம் பிடித்துவிட்டுப் பம்பில் காலமெல்லாம் அதைக் கட்டுபவர்கள் நம்மிடையே பலர். பம்பைத் தேர்வதற்கு முன் குழாயைத் தேர்வதே முறை.

இனிச் சுற்றும் பம்புக்கு வருவோம். குளிர்நாட்டு வீட்டில் எரிவாயுக் கொதிகலன் ஒன்று நீரைச் சூடாக்கும். அந்த வெந்நீர் குழாய் வழியே ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் நிற்கும் இரும்புப் பலகை போன்ற வெப்பமூட்டியினுள் சென்று, தன் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, சற்று ஆறிய நிலையில் கொதிகலனுக்கே திரும்பும். மீண்டும் சூடேறும், மீண்டும் புறப்படும். இந்நீர் வெளியே போவதில்லை. குளிக்கவும் குடிக்கவும் இது உதவாது. வெப்பத்தைச் சுமந்து செல்லும் கூலியாள் போல ஓயாது நடந்துகொண்டேயிருப்பதே இதன் வேலை.

இங்கே உயரம் எங்கே போயிற்று? பினாங்குக் கொடிமலையில் 1923 முதல் ஓடும் மலை இரயிலை அறியாதார் இலர். கம்பியின் ஒரு முனையில் ஏறும் வண்டி. மறு முனையில் இறங்கும் வண்டி. இறங்குவதன் எடை ஏறுவதை இழுத்துக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே எடையாயின், இயந்திரம் சக்கரத்தின் உராய்வையும் தண்டவாளத்தின் உராய்வையும் வென்றாற் போதும். மலையின் உயரத்தை அது தூக்குவதில்லை. கிணற்றுச் சகடையில் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் நிறைந்த இரு வாளிகளைக் கட்டிவிட்டால், சிறுவன் ஒருவன் விரலாலேயே அவற்றை மேலும் கீழும் ஆட்டலாம். வகுப்பில் இதனைச் செய்து காட்டுவது எளிது. ஒரு கப்பியும் மணல் நிரப்பிய இரு டப்பாக்களும் போதும்.

மூடிய குழாய்ச் சுற்றில் நடப்பதும் இதுவே. மேல்மாடிக்கு ஏறும் குழாயில் எவ்வளவு நீர் நிற்கிறதோ, அவ்வளவு நீர் இறங்கும் குழாயிலும் நிற்கிறது. ஏறும் நீரின் சுமையை இறங்கும் நீர் சுமக்கிறது. பம்புக்கு எஞ்சுவது உராய்வு ஒன்றே. வீடு ஒரு மாடியாயினும் பத்து மாடியாயினும், உயரத்தின் பொருட்டுப் பம்பின் வலிமையைக் கூட்டவேண்டியதில்லை. குழாய் நீளுவதால் கூடும் உராய்வை மட்டும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

அப்படியாயின் முதன்முதலில் மேல்மாடி வரை நீர் எப்படிப் போயிற்று என்று கூர்மையான மாணவன் கேட்பான். கேட்கவேண்டிய வினாவே. அது நிரப்பும்போது நகர நீர்க்குழாயின் அழுத்தத்தால் ஏறிய நீர். பம்பு அதனை ஏற்றவில்லை. வீடுகளில் இச்சுற்றை 1 முதல் 1.5 பார் வரை அழுத்தத்தில் நிரப்பி மூடுவர். 1 பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் நீர் உயரம். மேல்மாடி வெப்பமூட்டியில் நீரே இல்லாமல் காற்று நிற்குமாயின், குறை நிரப்பியதில்தான் இருக்கும். அங்கே பம்பை மாற்றுவது, பசித்த பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுப்பதை ஒக்கும்.

உயரத்துக்கு இங்கே வேறொரு பங்கு உண்டு. 50 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் அடித்தளத்தில் நிற்கும் பம்பு, ஓடாமல் நிற்கும்போதும் 5 பார் அழுத்தத்தைத் தன் உடலால் தாங்கவேண்டும். தாங்குவது வேறு, தள்ளுவது வேறு. உடல் தடிப்பாக இருக்கவேண்டும். மோட்டார் பெரிதாக இருக்கவேண்டியதில்லை.

எவ்வளவு நீர் சுற்றவேண்டும்?

இவ்வினாவுக்கு விடை பம்புக் கடையில் இல்லை. வீட்டின் சுவரிலும் சன்னலிலும் இருக்கிறது. வெளியே கடுங்குளிரான நாளில் அந்த வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறதோ அவ்வளவையே வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். உள்ளே 20 பாகை செல்சியஸ், வெளியே பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை எனின் வேறுபாடு 22 பாகை. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 5 வாட் இழக்கும். 10 சதுர மீட்டர்ச் சன்னல்கள் இருந்தால் 5 × 10 × 22, அஃதாவது 1100 வாட். நல்ல இரட்டைக் கண்ணாடியாயின் இதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. இவ்வாறே சுவர், கூரை, தரை, கதவிடுக்கில் புகும் காற்று ஆகியவற்றையும் கணக்கிட்டுக் கூட்டவேண்டும். நடுத்தர வீடு ஒன்றுக்கு 8 கிலோவாட் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை ஆறும்போது 4.2 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். நீர் 70 பாகையில் புறப்பட்டு 60 பாகையில் திரும்புமானால், ஒவ்வொரு லிட்டரும் 42 கிலோஜூலை அறைகளில் இறக்கிவிட்டு வருகிறது. 8 கிலோவாட் என்பது விநாடிக்கு 8 கிலோஜூல். எட்டை 42-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.19 லிட்டர், நிமிடத்துக்கு 11.4 லிட்டர். வீடு முழுவதையும் சூடாக்கச் சுற்றவேண்டிய நீர் இவ்வளவே. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டால் வரும் ஓட்டத்தோடு ஒப்பிடத்தக்க அளவு. நீர் 20 பாகை ஆறித் திரும்புமாறு அமைத்தால் இதிலும் பாதி போதும்.

அடுத்து உராய்வு. குழாய் பல கிளைகளாகப் பிரிந்து பல அறைகளுக்குச் செல்கிறது. இங்கே பலர் எல்லாக் கிளைகளின் உராய்வையும் கூட்டிவிடுகின்றனர். அது தவறு. பத்து லயங்களுக்கு பத்து வழியாக மக்கள் ஒரே நேரத்தில் நடந்து சென்றால், எல்லாரும் வீடு சேர ஆகும் நேரம் பத்து வழிகளின் கூட்டுத்தொகையன்று. மிகத் தொலைவான வழிக்கு ஆகும் நேரமே. அதுபோல, கொதிகலனிலிருந்து புறப்பட்டு மிகக் கடினமான ஒரு வெப்பமூட்டியைத் தொட்டுத் திரும்பும் ஒரே ஒரு வழியின் உராய்வையே கொள்ளவேண்டும். அந்த வழி போகவர 30 மீட்டர் என்க. குழாய் சரியான பருமனாயின் மீட்டருக்கு 2 செண்டிமீட்டர் நீருயரம் உராய்வு என்று கொள்வது பொறியாளர் வழக்கம். ஆக 60 செண்டிமீட்டர். முழங்கைகளுக்கும் இணைப்புகளுக்கும் அதிற் பாதி, 30. கொதிகலனுக்கும் வெப்பமூட்டி வால்வுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 மீட்டர். மொத்தம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

நிமிடத்துக்கு 11.4 லிட்டர், 2 மீட்டர். இவ்விரண்டு எண்களே அந்த வீட்டின் பம்பு. மூன்றாவதாக எதுவும் வேண்டா. முன்கூறிய கணக்குப்படி நீர் பெறும் ஆற்றல் 0.19 × 2 × 9.8, அஃதாவது 4 வாட்டுக்கும் குறைவு. எட்டாயிரம் வாட் வெப்பத்தை வீடெங்கும் சுமந்து செல்ல நான்கு வாட்! ஈப்போ வீட்டின் மேல்தொட்டிக்கு நீரேற்ற 33 வாட் வேண்டியிருந்ததை இங்கே நினைவு கூர்க.

நம் உடலிலும் இத்தகைய பம்பு ஒன்று உண்டு. இளைப்பாறும் மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர்க் குருதியைச் சுற்றவிடுகிறது. அது உண்டாக்கும் சராசரி அழுத்தம் பாதரசத்தின் 100 மில்லிமீட்டர். நீராற் சொன்னால் 1.4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெருந்தமனிக்குள் அது செலுத்தும் ஆற்றல் ஒரு வாட்டை ஒட்டியது. அளவில் வெந்நீர்ப் பம்புக்கு அது தம்பி முறையாகும்.

பெரிய பம்பு வைத்தால் என்ன கேடு?

பம்பின் பெட்டியில் 'அதிக உயரம் 6 மீட்டர், அதிக ஓட்டம் நிமிடத்துக்கு 50 லிட்டர்' என்று அச்சிட்டிருக்கும். இவ்விரண்டும் ஒரே வேளையில் கிடைக்கா. 6 மீட்டர் கிடைப்பது வாயை அடைத்து ஓட்டம் பூச்சியமாகும்போது. 50 லிட்டர் கிடைப்பது தடையே இல்லாதபோது. இவற்றின் இடையே ஒரு வளைகோடு இறங்கிச் செல்லும். குழாய்ச் சுற்றுக்கோ ஓட்டம் கூடக் கூட உராய்வு ஏறிச் செல்லும் மற்றொரு வளைகோடு உண்டு. இரண்டும் வெட்டும் புள்ளியிலேதான் பம்பு ஓடும். அதை நம் விருப்பத்தால் மாற்ற இயலாது. அந்த வெட்டுப்புள்ளி நாம் கணக்கிட்ட இடத்துக்கு அருகே இருந்தால் பம்பு பொருத்தமானது. வரைபடம் வரையக் கற்ற மாணவர்க்கு இது நல்ல பயிற்சி. கணக்கும் அறிவியலும் கைகோக்கும் இடங்களை நம் வகுப்பறைகள் இன்னும் கொஞ்சம் நாடலாம்.

இப்போது பம்பைப் பெரிதாக்கி ஓட்டத்தை இரு மடங்காக்குவோம். உராய்வு நான்கு மடங்கு. ஓட்டம் இரு மடங்கு. எனவே ஆற்றல் எட்டு மடங்கு. அறைக்கு வரும் வெப்பம் எவ்வளவு கூடும்? நீர் விரைந்து செல்வதால் அது குறைவாகவே ஆறும். 70 பாகையில் போவது 60-க்குப் பதில் 65 பாகைக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். வெப்பமூட்டியின் சராசரி வெப்பநிலை 65-இலிருந்து 67 சொச்சமாக உயரும். அறை 20 பாகை என்று கொண்டு கணக்கிட்டால், வெப்பம் கூடுவது ஏறத்தாழ 7 விழுக்காடு. எட்டு மடங்கு செலவுக்கு ஏழு விழுக்காடு வரவு. மாறாக ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாலும், ஒன்பதில் எட்டுப் பங்கு வெப்பம் வந்துகொண்டேயிருக்கும். வெந்நீர்ச் சுற்றின் இயல்பு இது: ஓட்டத்தைக் குறைப்பதால் நேரும் இழப்புச் சிறிது, கூட்டுவதால் வரும் பயன் அதனினும் சிறிது.

அன்றியும், விரையும் நீர் குழாயில் இரையும், வால்வுகள் சீழ்க்கையடிக்கும். குளிர்நாட்டு இரவின் அமைதியில் அவ்வொலி உறக்கத்தைக் கெடுக்கும்.

அப்படியாயின் தொலைவிலுள்ள அறை ஏன் குளிர்கிறது? நீர் சோம்பேறி, எளிய வழி கிடைத்தால் அதன் வழியே போய்விடும். கொதிகலனுக்கு அருகிலுள்ள வெப்பமூட்டிகளில் தடை குறைவு; அங்கே தேவைக்கு மேல் ஓடுகிறது; கடைசி அறைக்கு மிச்சமே போகிறது. பெரிய பம்பு வைத்தால் கடைசி அறைக்கு ஓரளவு கூடும்; அருகறைகளுக்கும் அதே விகிதத்தில் கூடும். மருந்து வேறு. ஒவ்வொரு வெப்பமூட்டியின் வெளிவாயிலிலும் தொப்பி மூடிய சிறு வால்வு ஒன்று இருக்கும். அருகிலுள்ளவற்றில் அதனைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்தால், நீர் வேறு வழியின்றித் தொலைவிடம் செல்லும். தோட்டத்து மக்கள் இதனை அறிவர்: மேட்டுத் தொட்டிக்கு அருகிலுள்ள லயத்தார் குழாயைத் திறந்து விட்டிருந்தால் கடைசி லயத்துக்குச் சொட்டு நீர்தான் வரும், முதல் லயத்தார் சற்று மூடினால் கடைசி லயத்துக்கும் வரும்.

இந்தச் சுற்றுகள் ஒரு காலத்தில் பம்பே இல்லாமல் ஓடின என்பது வியப்பளிக்கலாம். சூடான நீர் இலேசாகி ஏறும். ஆறிய நீர் கனத்து இறங்கும். இவ்விசை மிகச் சிறியது. 80 பாகை நீருக்கும் 60 பாகை நீருக்கும் இடையே 5 மீட்டர் உயர வீட்டில் அது 6 செண்டிமீட்டர் நீருயரத்தையும் எட்டாது. ஆகவே அக்காலத்துக் குழாய்கள் கைத்தடிமன் கொண்டிருந்தன. உராய்வை வெல்ல வேறு வழி இல்லை. 1928-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஒப்லேண்டர் குழாயின் முழங்கையிலேயே பொருந்தும் சிறு சுழற்சிப் பம்பை ஆக்கி, அதற்குச் சுற்றோட்டத்தை விரைவுபடுத்தும் கருவி என்றே பெயரிட்டார். பின்னர்க் குழாய்கள் மெலிந்தன. ஆனால் பம்புகள் தேவைக்கு மேல் பெருத்தன. நான்கு வாட் வேலைக்கு 60, 70 வாட் உண்ணும் பம்புகள் வீடுதோறும் ஓடின. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் ஒரு விதி வகுத்து, 2013 முதலும் பின்னர் 2015-இல் இன்னும் கடுமையாகவும், வீண்செலவுப் பம்புகளைச் சந்தையிலிருந்து விலக்கியது. இன்றைய பம்புகள் தேவைக்கேற்பத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வன. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டிலொரு பங்காகும் என்பதே அவற்றின் சேமிப்புக்கு அடிப்படை. எனினும், பழைய வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடியும் கூரைப் பஞ்சும் போட்டபின் பழைய பம்பின் அளவிலேயே புதியது வாங்குவோர் உண்டு. வெப்ப இழப்பு பாதியானபோது நீரும் பாதியாகவேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பேராக்கில் வெந்நீர்ச் சுற்றுக்கு வேலையில்லை. தண்ணீர்ச் சுற்றுக்கு உண்டு. பழைய ஈயச் சுரங்க வட்டாரமான துரோனோவை அடுத்து, ஸ்ரீ இஸ்கந்தாரில் 1997-இல் நிறுவப்பெற்ற பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கென, இயற்கை எரிவாயுவைக் கொண்டு மின்சாரமும் குளிர்நீரும் ஒருங்கே ஆக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து குளிர்நீர் குழாய்களில் சென்று கட்டடங்களைக் குளிர்வித்துத் திரும்பும். சரளைப் பம்புகள் மண்ணைத் தூக்கிய அதே நிலப்பகுதியில், எதையும் தூக்காத பம்புகள் வந்து அமர்ந்தன. பெரிய மருத்துவமனைகளிலும் பேரங்காடிகளிலும் உள்ள குளிர்நீர் அமைப்புகளும் இவ்வகையே. கணக்கும் அதுவே, திசைதான் வேறு. நீர் ஏறத்தாழ 7 பாகையில் போய் 12 பாகையில் திரும்பும். 5 பாகை வேறுபாடே உள்ளமையால், ஒவ்வொரு லிட்டரும் 21 கிலோஜூலையே சுமக்கும். ஆதலால் அதே அளவு வெப்பத்துக்கு, முன்கூறிய வெந்நீர்ச் சுற்றைவிட இரு மடங்கு நீர் சுற்றவேண்டும். கட்டடத்தின் உச்சியில் ஆவி பறக்க நிற்கும் குளிர்கோபுரத்தின் பம்பு மட்டும் சற்று வேறானது. அங்கே நீர் காற்றில் திறந்து விழுகிறது. விழுந்த உயரத்தை மீண்டும் ஏற்றியாகவேண்டும். ஆயினும் அது கோபுரத்தின் அடித்தொட்டிக்கும் தெளிக்கும் வாய்க்கும் இடையேயுள்ள சில மீட்டரே அன்றிக் கட்டடத்தின் முழு உயரமன்று.

பம்புக்குத் தமிழ்ச்சொல் தேடுவோர் இவ்விடத்தைக் கருத்திற் கொள்ளல் நலம். நீரேற்றி, இறைப்பான் என்னும் சொற்கள் ஆற்றங்கரைப் பம்புக்கு அழகாகப் பொருந்துவன. வெந்நீர்ச் சுற்றிலும் குளிர்நீர்ச் சுற்றிலும் உள்ளதை நீரேற்றி என்றால், பெயரே மாணவனைத் தவறான கணக்குக்கு அழைத்துச் சென்றுவிடும். இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் பம்பி என்ற சொல் பொதுப்பெயராக நிற்கலாம். சிறப்புப் பெயராக, குருதிச் சுற்றோட்டம் என உடலியலில் வழங்கும் சொல்லை ஒட்டிச் சுற்றோட்டப் பம்பு எனலாம். ஏற்றப் பம்பு, சுற்றோட்டப் பம்பு என்று இரு பெயர்களைக் கரும்பலகையில் பக்கத்திற் பக்கம் எழுதிவிட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சுற்றோட்டப் பம்பு பொருத்தமானதா என்று அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டா. கொதிகலனிலிருந்து புறப்படும் குழாயிலும் அதற்குத் திரும்பி வரும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பமானியைத் துணியாற் சுற்றிக் கட்டி, குளிர் மிகுந்த காலைப்பொழுதில், அமைப்பு அரைமணி நேரம் ஓடியபின் பார்க்கவேண்டும். 10 பாகை வேறுபாட்டுக்கு அமைத்த சுற்றில் 3 பாகையே காணப்பட்டால், மும்மடங்கு நீர் வீணே சுற்றுகிறது. பம்பின் வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடியும் பார்க்கலாம். வேறுபாடு 20 பாகையைத் தாண்டி, எல்லா அறைகளும் ஒருசேரக் குளிர்ந்தால், ஓட்டம் குறைவு. அப்போதும் முதலில் வடிகட்டியில் துரு அடைத்திருக்கிறதா, யாரேனும் வால்வை மூடிவிட்டனரா என்று பார்த்து, அதன் பின்னரே பம்பின் பக்கம் திரும்பவேண்டும்.